சூரியன் மறைந்த பிறகு தொடங்கும் வேலை

ஆண்டெனாவை மொட்டைமாடியில் நிறுத்தியாயிற்று. கேபிளை இறக்கியாயிற்று. சூரியனின் ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவியும் கணினியோடு பேசத் தொடங்கிவிட்டது. நாளைக் காலை சூரியன் எழுந்ததும் பதிவைத் தொடங்கிவிடலாம் என்று கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையத்தின் முதல் பதிவைச் சூரியன் மறைந்த பிறகு எடுங்கள். இரவு ஏழரைக்கு முடுக்கிவிட்டு விடியும்வரை ஓட விடுங்கள். அந்தப் பதிவில் என்ன தெரிந்தாலும் அது சூரியனிடமிருந்து வந்ததில்லை. உங்கள் ஊரும் தெருவும் வீடும் எழுப்புகிற இரைச்சல் அது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் கருவி காலையில் தானாகத் தொடங்கி, சூரியன் மறையும்போது தானாக நின்றுவிடும்படி அமைத்திருந்தேன். ஒரு ஆடி மாதம், மாலை ஆறு மணிக்கு மேல் படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு கூட்டம் தெரிந்தது. மறுநாளும் அதே நேரம் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சூரியனின் முதல் வகை இரைச்சல் புயல் என்று குறித்தும் வைத்தேன். நான்காம் நாள் கருவியை நிறுத்தாமல் விட்டேன். சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் ஆகியும் அந்தப் புள்ளிகள் அப்படியே இருந்தன. தெருமுனை அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டியிருந்த சீரியல் செட் விளக்குகள்தான் காரணம். மூன்று நாள் குறிப்புகளையும் அடித்துத் திருத்தினேன். இரவுப் பதிவு கையில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சூரியனிலிருந்து ரேடியோ வெடிப்புகள் வருகின்றன என்பதே ஒரு குறுக்கீட்டுப் புகாரை விசாரித்தபோது தெரியவந்த செய்திதான். 1942 பிப்ரவரி 12 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் ரேடார்களைத் திட்டமிட்டுக் குழப்பிவிட்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போயின. அந்தக் காயம் ஆறுவதற்குள், அதே மாதம் 26 முதல் 28 வரை, விமான எதிர்ப்புப் பீரங்கிகளோடு இயங்கிய ரேடார்கள் மறுபடியும் இரைச்சலில் மூழ்கின. பாதிக்கப்பட்டவை 4 முதல் 6 மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தவை. எதிரி புதிய கருவி ஏதும் கொண்டுவந்துவிட்டானா என்று பார்க்கும் பொறுப்பு ராணுவ ஆய்வுக் குழுவில் இருந்த ஜே.எஸ். ஹே என்பவரிடம் வந்தது. எந்தெந்த ஊரில், எத்தனை மணிக்கு, ஆண்டெனா எந்தத் திசையைப் பார்க்கும்போது இரைச்சல் உச்சத்தில் இருந்தது என்று அவர் ஒப்பிட்டார். ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்த நிலையங்கள் எல்லாம் சூரியனையே காட்டின. கிரீனிச் வான் ஆய்வகத்தைக் கேட்டார். சூரிய வட்டின் நடுப்பகுதியை ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் கடந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. போர்க்கால ரகசியம் என்பதால் இந்தச் செய்தி 1946 இல்தான் அச்சேறியது.

ஹே கேட்ட கேள்விகள் மூன்று. திசை சூரியனோடு சேர்ந்து நகர்கிறதா? வேறு ஊரிலும் அதே நொடியில் தெரிகிறதா? சூரியனின் முகத்தில் அதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இவற்றைவிட நல்ல சோதனை நம் கையில் இல்லை. பதிவேட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பயன்படுத்தும் காலிஸ்டோ நிறமாலைமானி சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானது. 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்த எல்லைக்கு ஓர் அர்த்தம் உண்டு. சூரியனின் கரோனாவில் எலக்ட்ரான்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அதற்கேற்ற அதிர்வெண்ணில் அந்த இடம் அலை வீசும். ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி எலக்ட்ரான்கள் என்றால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். மேலே போகப் போக நெருக்கம் குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். ஆக, இந்தக் கருவியில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் சூரியனுக்கு மேலே ஓர் உயரம்.

சங்கடம் என்னவென்றால், அதே இடத்தில்தான் மனிதர்களும் குடியேறியிருக்கிறார்கள். 88 முதல் 108 வரை எஃப்.எம். 118 முதல் 137 வரை விமானிகளின் பேச்சு. 137 இலிருந்து 138 வரை தாழ்வான செயற்கைக்கோள்கள். 240 முதல் 270 வரை ராணுவச் செயற்கைக்கோள்கள். அதற்கு மேல் தொலைக்காட்சி, வாக்கி டாக்கி, கைப்பேசி. வானியலுக்கென்று ஒதுக்கிய துண்டுகளும் இல்லாமல் இல்லை. இந்தியாவில் நமக்கு உதவக்கூடியவை 150.05–153, 322–328.6, 406.1–410, 608–614 மெகாஹெர்ட்ஸ். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவோடு 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸில் கேட்பது இந்த இரண்டாவது துண்டுக்குள்தான். ஆனால் நான்கையும் கூட்டினாலும் 20 மெகாஹெர்ட்ஸ் தேறாது. சூரிய வெடிப்போ நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸை ஒரே ஓட்டத்தில் கடந்துபோகும். ஒதுக்கிய வாசலில் மட்டும் நின்றுகொண்டு அதைப் பார்த்துவிட முடியாது. மற்றவர்களின் ஒலிபரப்புக்கு நடுவே கிடைக்கும் இடுக்குகளில்தான் நம் பிழைப்பு.

இடுக்குகளைத் தேட இரவுப் பதிவுதான் வரைபடம். காலிஸ்டோ மென்பொருளில் முழு நிறமாலையையும் 62.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 13,200 புள்ளிகளாக அளந்து தரும் வசதி இருக்கிறது. அதை இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை, விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு முறை ஓட்டுங்கள். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் எங்கே எப்போதும் ஆள் இருக்கிறார், எங்கே எப்போதாவது வந்து போகிறார், எங்கே யாருமே இல்லை என்பது தெரிந்துவிடும். ஆள் இல்லாத இடங்களிலிருந்து 200 அதிர்வெண்களைப் பொறுக்கி எடுத்துக் கருவிக்குப் பட்டியலாகக் கொடுங்கள். அவற்றைக் கருவி ஒரு விநாடிக்கு நான்கு முறை சுற்றி வரும். ஒவ்வொரு அளவீடும் சுமார் 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை உள்வாங்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரு நிலையத்துக்கு 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அமைதி இருப்பதாகப் படம் காட்டினாலும் அந்த இடம் உதவாது. இயல்பாகத் தரும் சம இடைவெளிப் பட்டியலையே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் படத்தில் பாதி, குறுக்குக் கோடுகளாகவே இருக்கும். ஒரு நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு இத்தனை தகவலை இழப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

எஃப்.எம். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் நிலையங்களில் பாதிப் பிரச்சினை அதிலிருந்து கிளம்புகிறது. கொடைக்கானல் ஒரு நல்ல உதாரணம். 1899 இல் அங்கே சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு அந்த மலையின் உயரமும் தெளிந்த வானமும் காரணம். அதே உயரத்தால்தான் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் தென்மாவட்டங்கள் பலவற்றிலும் கேட்கிறது. தேனியிலோ திண்டுக்கல்லிலோ ஆண்டெனா வைப்பவருக்கு 100.5 ஐ மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதாது. பலமான சமிக்ஞை நம் பெருக்கிக்குள் நுழைந்ததும் பெருக்கி திணறும். திணறும் பெருக்கி, வானத்தில் இல்லாத சமிக்ஞைகளைத் தானே உற்பத்தி செய்யும். 100.5 இன் இரட்டிப்பு 201 இல் முளைக்கும். இரண்டு நிலையங்கள் கலந்து வேறு எங்கெங்கோ தலைகாட்டும். அவையெல்லாம் படத்தில் அசல் போலவே இருக்கும்.

அசலா போலியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆண்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவே 10 டெசிபெல் குறைப்பான் ஒன்றைச் செருகுங்கள். காற்றில் வந்த அசல் சமிக்ஞை 10 டெசிபெல் குறையும். பெருக்கிக்குள் பிறந்த இரண்டாம் படிப் போலி 20 டெசிபெல்லும் மூன்றாம் படிப் போலி 30 டெசிபெல்லும் குறையும். குறைப்பானைச் செருகியதும் நிறமாலையின் ஒரு பகுதியே காணாமல் போனால், அங்கே எந்த ஒலிபரப்பும் இருக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு மருந்து, 88–108 ஐ மறிக்கும் எஃப்.எம். தடுப்பு வடிகட்டி. அதைப் பெருக்கிக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் கெட்ட பிறகு வடிகட்டுவதாகிவிடும். முன்னால் போட்டால் நுண்ணுணர்வு சற்றுக் குறையும் என்பது உண்மைதான். மங்கலான விண்மீன்திரளைத் தேடுபவர் அதற்காக வருந்தலாம். வெடிக்கும் சூரியன் உரக்கப் பேசும், நமக்கு அந்த இழப்பு பெரிதில்லை. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். போன்ற மலிவான 8 பிட் கருவியில் முயல்பவர்களுக்கு இந்த வடிகட்டி கட்டாயம். பலமான நிலையத்தையும் மெல்லிய சமிக்ஞையையும் ஒரே நேரத்தில் தாங்கும் வீச்சு அதற்கு இல்லை.

ஒலிபரப்பாளர்களாவது தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களுக்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. மடிக்கணினியையும் கருவியையும் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயினை அணையுங்கள். இரைச்சல் தரை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வாருங்கள். எல்.இ.டி. பல்புகள், கைப்பேசி சார்ஜர், பி.எல்.டி.சி. மின்விசிறி, செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரௌட்டருக்கான அடாப்டர் என்று ஒவ்வொன்றும் தன் கையெழுத்தைப் படத்தில் போடும். பல நேரம் எல்லாவற்றையும்விட மோசமானது பதிவு செய்யும் கணினியும் அதன் நெட்வொர்க் கேபிளும்தான். கருவியை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு கம்பியையும் ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றி அனுப்புங்கள். மேலே மாட்டும் ஒற்றைக் கிளிப் மட்டும் போட்டால் பெரிய பலன் இராது, சுற்றுகளின் எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பி நிலையத்தை ஓட்டாதீர்கள். அதுவும் இரைச்சல்காரன்தான்.

கூரையில் சூரிய மின்தகடுகள் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றின் இன்வெர்ட்டர் காலையில் விழித்து, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் உறங்கிவிடும். இரவுப் பதிவில் அது சிக்காது. சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும் என்பதால் ஹேயின் முதல் கேள்வியையும் ஏமாற்றப் பார்க்கும். மேகம் வரும்வரை காத்திருங்கள். மேகம் தகடுகளை மறைத்தால் இன்வெர்ட்டரின் போக்கு உடனே மாறும். நாம் கேட்கும் அலைகள் மேகத்தை ஊடுருவி வருபவை, அவற்றில் மாற்றம் இருக்காது.

தெருவுக்கு வந்தால் மின்கம்பம். தளர்ந்த இணைப்பிலோ விரிசல் விட்ட பீங்கானிலோ சிறு தீப்பொறி தாவிக்கொண்டிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தப் பொறி 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை துடிக்கும். ஒலியாகக் கேட்டால் வண்டு ரீங்காரம் போல் இருக்கும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். ரீங்காரம் கூடிக்கொண்டே போகும் திசையில் கம்பம் இருக்கும். மீடியம் வேவ் இரைச்சல் கம்பி வழியாக வெகுதூரம் ஓடும், ஆகவே கடைசி நூறு மீட்டருக்கு உயர்ந்த அதிர்வெண்ணில் கேட்கும் கையடக்கக் கருவி வேண்டும். மழை பெய்ததும் இரைச்சல் அடங்கி, காய்ந்ததும் திரும்பினால் பொறிதான் என்று ஏறக்குறைய உறுதி செய்யலாம். கம்பத்தைத் தட்டுவதோ உலுக்குவதோ ஸ்டே கம்பியை இழுத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. கம்பத்தின் எண்ணைக் குறித்து லைன்மேனிடம் கொடுங்கள். பீங்கான் கெட்டிருக்கிறது என்று சொன்னால் அது அவருக்கும் வேண்டிய தகவல்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசும்போது குறுக்கீடு, நிறமாலை என்றெல்லாம் தொடங்காதீர்கள். “அண்ணே, உங்க மோட்டார் ரூம் லைட்டை ஒரே ஒரு நிமிஷம் அணைச்சுப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். அணைத்ததும் திரையில் கோடுகள் மறைவதை அவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள். நல்ல பல்பு ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் வேலை அன்றே முடியும். சூரியனைக் கேட்கிறோம் என்று தெரிந்தபின் ஒத்துழைக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வானத்திலிருந்து வருவனவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னல், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாக விழும், சாய்வு இருக்காது. சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் அடிக்கடி வரும். மின்னல் தெரிந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள், பதிவு போனால் போகட்டும். 137 மெகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள்கள் பத்துப் பதினைந்து நிமிடம் தெரிந்து மறையும். ஸ்டார்லிங்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நெதர்லாந்தின் லோஃபார் தொலைநோக்கி 68 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கவனித்ததில் 47 இலிருந்து, 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், திட்டமிடாமல் கசியும் அலைகள் தெரிந்ததாக 2023 இல் வெளியான ஆய்வு சொன்னது. பெரிய தொலைநோக்கிகளுக்கு இது மெய்யான கவலை. நம் ஒற்றை ஆண்டெனாவுக்கு அந்த அளவு கூர்மை இல்லை. அதைவிடப் பக்கத்து வீட்டு சார்ஜர் ஆயிரம் மடங்கு முக்கியம்.

இவ்வளவும் தெரிந்தபின் பகலுக்கு வாருங்கள். சூரியனின் மூன்றாம் வகை வெடிப்பு உயர்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிச் சில விநாடிகளில் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குச் சரியும். ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் எலக்ட்ரான் கற்றை கரோனாவைக் கடந்து மேலேறுவதன் தடம் அது. இரண்டாம் வகை ஓர் அதிர்ச்சி அலையின் தடம். விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் நகர்வதால் அதே தூரம் சரிய நிமிடங்கள் பிடிக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இரட்டைக் கோடாக வரும். மனிதக் கருவிகளிலும் சரிபவை உண்டு. சூடேறும் அடாப்டரின் அலைகள் மெல்ல இடம்பெயரும். ஆனால் அவை சீப்பின் பற்கள்போலச் சம இடைவெளியில், எல்லாம் ஒன்றாக நகரும்.

குழப்புபவை முதல் வகையும் நான்காம் வகையும்தான். முதல் வகை, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் தெறிக்கும் குறுகிய புள்ளிகள். நான்காம் வகை, அகலமாகப் படர்ந்து மெதுவாக எழுந்து அடங்கும் மூட்டம். தானாக இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் முதல் வகையைக் குப்பை என்று துடைத்துவிடும். பின்னணியைக் கழிக்கும்போது நான்காம் வகை சத்தமில்லாமல் கரைந்துவிடும். ஆகவே காலிஸ்டோ கால் மணிக்கு ஒன்றாக எழுதித் தரும் மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதைப் பிரதியில் செய்யுங்கள். கோப்பின் பெயரில் இருப்பது உலக நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி நம் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். தினமும் நம் கடிகாரத்தில் ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குப் போவது சூரியனாக இருக்க வாய்ப்பில்லை.

சந்தேகம் வந்தால் ஹேயின் இரண்டாம் கேள்வி. ஊட்டியிலும் கௌரிபிதனூரிலும் காலிஸ்டோ கருவிகள் உண்டு. உலகெங்கும் இருக்கும் ஈ-காலிஸ்டோ நிலையங்களின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. நம் பகலில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவுக்கும் பகல், இன்னொரு பகுதி ஐரோப்பாவுக்கும் பகல். அதே நிமிடத்தில் அங்கேயும் அதே சரிவு தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. உங்களுக்கு மட்டும் தெரிந்தால் அது உங்களுடையது. மூன்றாம் கேள்விக்குக் கரும்புள்ளிப் படமும் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் வரைபடமும் பதில் சொல்லும். பேராசையில் இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிட்டு யாருக்கும் தகவல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, நம் ஊரில் மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறதல்லவா? அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். முந்தைய இரவே ஒரு கார் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். இன்வெர்ட்டர் இல்லாமல், கருவியை நேராக 12 வோல்ட்டில் இணையுங்கள். மின்சாரம் போகும் நொடியில் படத்தின் பின்னணி படியிறங்குவதுபோல் இறங்கும். துணைமின் நிலையத்தின் கீழுள்ள தெருக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியிருக்கும். பகல் வெளிச்சத்தில் இப்படி ஓர் அமைதி ஆண்டுக்குச் சில நாள்தான் வாய்க்கும். மின்சாரம் திரும்பும்வரை கருவியைத் தொடாமல் ஓட விடுங்கள். அன்றைய கோப்புகளைத் தனியாக எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். அடுத்த மின்தடை நாள் வரை மற்ற எல்லாப் பகல்களையும் அதனோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும்.